நெட்டை பூட்ஸா, கட்டை பூட்ஸா? ஜெர்மன் சிப்பாயின் கால் பட்ட பாடு

இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் சிப்பாய் என்றதும் கண்ணில் வந்து நிற்பது கெண்டைக்கால் வரை ஏறிய அந்தக் கறுப்பு பூட்ஸ்தான். சினிமாக்காரர்கள் 1944-ல் பிரான்சின் நார்மண்டியில் நடந்த சண்டையைக் காட்டினாலும் எல்லார் காலிலும் அதையே மாட்டிவிடுகிறார்கள். அந்த வருடத்துப் புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள், கணுக்கால் உயரத்துக்குக் கயிறு கட்டிய பூட்ஸும் அதற்கு மேல் கித்தான் கெய்ட்டரும் (கணுக்காலையும் பேண்ட் நுனியையும் சுற்றி மாட்டும் உறை) போட்டவர்கள்தான் நிறையத் தென்படுவார்கள். இரண்டில் எது தேவலை என்று கேட்டால் என் ஓட்டு கட்டை பூட்ஸுக்கு. ஆனால் நெட்டை பூட்ஸ் ஜெயிக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிப்பாயின் சாமான்களில் வேறு எதையும் விட்டுவிட்டு பூட்ஸை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், மற்றதை எல்லாம் கழற்றி வைக்கலாம். கன்றுத்தோல் மூடி வைத்த முதுகுப் பை சண்டை நடக்கும் இடத்தில் பெரும்பாலும் பின்னால் வரும் வண்டியில்தான் கிடந்தது. உடம்போடு இருந்தது ரொட்டிப் பை, 0.8 லிட்டர் தண்ணீர் புட்டி, 1.7 லிட்டர் சாப்பாட்டுப் பாத்திரம், மழைக்கோட்டாகவும் கூடாரமாகவும் மாறுகிற முக்கோணத் துணி, இப்படிச் சில. காலை வண்டியில் ஏற்ற முடியுமா? டாங்கிப் படை என்று பெயர் வாங்கினாலும் அந்த ராணுவத்தில் பெரும்பகுதி நடராஜா சர்வீஸ்தான். 1941 ஜூன் 22-ல் சோவியத் எல்லையைத் தாண்டிய காலாட்படை தினமும் 30, 40 கிலோமீட்டர் என்று கோடை வெயிலில் புழுதியைத் தின்றுகொண்டே நடந்தது.

சரி, நெட்டை பூட்ஸின் பலம் என்ன? கயிறு கிடையாது. அபாய ஒலி கேட்டதும் இருட்டில்கூட இழுத்து மாட்டிக்கொண்டு ஓடலாம், விரல் விறைத்துப்போன குளிரில் முடிச்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேண்டை உள்ளே செருகிவிட்டால் சேறு, தண்ணீர், முள் எதுவும் கெண்டைக்கால் வரை அண்டாது. ரஷ்யாவில் இலையுதிர் காலத்திலும் பனி உருகும் காலத்திலும் சாலைகளே சேற்றுக் குளமாகிவிடும். அங்கே கித்தான் கெய்ட்டர் ஒரு மணி நேரத்தில் ஊறி, சேற்றைச் சுமந்துகொண்டு காலோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு பந்தயத்தில் நெட்டைதான் முதல், மறுபேச்சே இல்லை.

ஆனால் நடைக்கு? குதிகாலை இறுக்கிப் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், உரசும், கொப்புளம் போடும். நனைந்தால் லேசில் காயாது, கால் வீங்கிவிட்டால் கழற்ற இன்னொருவர் பிடித்து இழுக்க வேண்டும். கட்டை பூட்ஸில் கயிற்றை இறுக்கலாம், வீங்கினால் தளர்த்தலாம், கணுக்காலுக்கும் பிடிமானம் இருக்கும். மலைப்படைக்கு ஆரம்பத்திலிருந்தே கயிறு கட்டும் பூட்ஸ்தான் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குள் பாய்ந்த தாக்குதல் படையினர் நெட்டை பூட்ஸைக் கழற்றிவிட்டு, கட்டை பூட்ஸ் போட்டு மேலே துணிப்பட்டி சுற்றிக்கொண்டார்கள். ஓடிப் பாய வேண்டியவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், ராணுவம் கட்டை பூட்ஸுக்கு மாறியது காலுக்கு நல்லது என்பதற்காக அல்ல, தோல் தட்டுப்பாட்டால். போர் தொடங்கிய 1939-லேயே நெட்டை பூட்ஸின் உயரத்தில் சில சென்டிமீட்டர் வெட்டினார்கள், அப்புறம் யாருக்குக் கொடுப்பது என்பதிலும் கை சுருங்கியது. முன்பு முகாம் வேலைக்கு என்று கொடுத்த கயிறு பூட்ஸே போர்க்களத்துக்கு வந்தது. சிப்பாய்கள் அந்தக் கெய்ட்டரைப் ‘பின்வாங்கல் கெய்ட்டர்’ என்று கிண்டலடித்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த வருடங்களில் வந்து சேர்ந்ததால் அப்படி ஒரு கெட்ட பெயர். பாவம், கெய்ட்டர் என்ன செய்யும்.

உள்ளே என்ன போடுவது என்பதில்தான் என் தீர்ப்பு கொஞ்சம் ஆடுகிறது. சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ் கொடுத்தார்கள், மேல்விளிம்பில் வெள்ளை வளையங்கள் இருக்கும், எத்தனை வளையம் என்பதுதான் அளவு. இன்னொரு பக்கம் சுமார் 40 சென்டிமீட்டர் சதுரத் துணி ஒன்று, அதைப் பாதத்தைச் சுற்றி மடித்துக் கட்டி பூட்ஸுக்குள் விட வேண்டும். பழைய காலத்துக் கூத்து என்று தோன்றும். ஆனால் சாக்ஸ் குதிகாலில் ஓட்டையாகும், தைக்க நூல் வேண்டும், காய நேரமாகும். துணிக்கு அளவே கிடையாது, சீக்கிரம் காயும், ஈரமான பக்கத்தை மேலே திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம், கிழிந்தால் எந்தப் பழந்துணியும் போதும். மடிப்பு மட்டும் சுருங்கக் கூடாது, சுருங்கினால் அந்த இடத்தில் கொப்புளம் நிச்சயம். அவசரத்தில் அரைகுறையாகச் சுற்றியவன் அடுத்த சில கிலோமீட்டரிலேயே நொண்டத் தொடங்கிவிடுவான். என்னைக் கேட்டால் நெட்டை பூட்ஸுக்குத் துணி, கட்டை பூட்ஸுக்கு சாக்ஸ். மாற்றிப் போட்டால் இரண்டுமே தொல்லை. ரஷ்ய ராணுவம் இந்தத் துணியை 2013-ல்தான் கைவிட்டது, அவ்வளவு நாள் சும்மாவா வைத்திருந்தார்கள்?

1941 டிசம்பர் குளிர் என்று வந்தால் இந்தப் போட்டிக்கே அர்த்தம் இல்லை. இரண்டு பூட்ஸின் அடியிலும் இரும்பு ஆணி, குதிகாலில் லாடம். அந்த இரும்பு வழியாகவே குளிர் பாதத்துக்கு ஏறியது. காலுக்குச் சரியான அளவாகக் கொடுத்திருந்ததால் இரண்டாவது சாக்ஸுக்கோ காகிதத்துக்கோ உள்ளே இடமே இல்லை. ரஷ்யர்கள் பெரிய அளவாக எடுத்து வைக்கோல் திணித்துக்கொண்டார்கள், கடுங்குளிருக்கு அழுத்திய கம்பளியில் செய்த பூட்ஸும் வைத்திருந்தார்கள். அது ஈரத்துக்கு ஆகாது, ஆனால் உறைந்த பனியில் அதை அடிக்க ஆள் இல்லை. கைதிகளிடமிருந்தும் பிணங்களிலிருந்தும் ஜெர்மானியர்கள் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டார்கள். காவல் நிற்பவர்களுக்கு, பூட்ஸுக்கு மேலே போட வைக்கோலில் பின்னிய பெரிய உறையும் வந்தது, அதைப் போட்டுக்கொண்டு நிற்கலாமே தவிர நடக்க முடியாது.

போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனி நெட்டை பூட்ஸை 1990-ல் தன் ராணுவம் கலையும்வரை விடவில்லை. மேற்கு ஜெர்மனியும் கொஞ்ச காலம் அதை வைத்திருந்தது, பிற்பாடு கயிறு கட்டும் பூட்ஸுக்கு மாறிக்கொண்டது.