அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில், கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் கடையும் சி.என்.சி. மெஷின் ஆறு போட்டிருக்கும் ஒருவருக்குக் கணக்கு எழுதுகிறேன். திருப்பத்தூர்க்காரர், இருபது வருடமாகப் பெங்களூர்வாசி. 2023 மே மாதம் கர்நாடகாவில் காங்கிரஸ் 135 இடங்களோடு ஆட்சிக்கு வந்து, பெண்களுக்கு மாதப் பணம், இலவச பஸ், இலவச கரண்ட் போன்ற ஐந்து கேரண்டிகளை அறிவித்ததிலிருந்து, பெங்களூரில் எதன் விலை ஏறினாலும் எனக்கு போன் வரும். "என்ன சார், பேசாம ஓசூருக்கே போயிடலாமா?" போன மாதம் நேரிலேயே வந்துவிட்டார். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தோம். கோடுதான் எல்லை ஊரான அத்திப்பள்ளி: இடது பக்கம் கர்நாடகா, வலது பக்கம் தமிழ்நாடு.

முதல் வரி சீக்கிரம் முடிந்தது. 2017 ஜூலைக்கு முன்னால் என்றால் மாநிலம் விட்டு மாநிலம் விற்கக் கேட்கும் சி ஃபாரம், எல்லையில் விற்பனை வரி செக்போஸ்ட், வரிசையில் நிற்கும் லாரி என்று பேசவே நிறைய இருந்திருக்கும். ஜி.எஸ்.டி. வந்த பிறகு அவர் செய்யும் உதிரி பாகத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே விகிதம். தொழில் வரியிலும் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் எந்த மாநிலமும் வாங்க அரசியல் சட்டம் விடாது. ஒரு மாநில அரசு தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க முக்கியமாக மிச்சமிருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வண்டி வரி, மின்சாரம் ஆகியவைதான். தேர்தலில் கொடுத்த வாக்குக்குக் கூடுதல் பணம் வேண்டுமென்றால் முதலில் கை போவது இந்த ஆறு உண்டியல்களில்தான். கர்நாடகாவின் ஐந்து கேரண்டிகளுக்கு 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 52,000 கோடி.

பத்திரத்தில் இரண்டு மாநிலமும் எதிரெதிராக நடந்து பக்கத்தில் வந்து நிற்கின்றன. தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7, பதிவு 4 என்று 11 சதவீதம் இருந்தது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கி மொத்தம் 9-க்குக் கொண்டுவந்தார்கள். கூடவே வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரத்துக்கு அரசு வைக்கும் குறைந்தபட்ச நில விலையை, ஏற்றிவிட்டார்கள். கர்நாடகாவிலோ 2023 அக்டோபரில் கைடன்ஸ் வேல்யூ என்ற அதே மதிப்பு ஏறியது. 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 1-லிருந்து 2 ஆகி, செஸ் எல்லாம் சேர்த்து நகர்ப்புறத்தில் 7.6 சதவீதம். 50 லட்ச ரூபாய் இடத்துக்கு இங்கே 3.80 லட்சம், அங்கே 4.50 லட்சம். 70 ஆயிரம் வித்தியாசத்துக்கு யாரும் தொழிலை மாற்றமாட்டார்கள். எல்லைக்கு அப்பால் இடமே மலிவு என்றால் அந்த 70 ஆயிரம் காணாமலே போய்விடும்.

டீசல் கதை வேறு மாதிரி. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த பதினோராம் நாள், 2024 ஜூன் 15 அன்று, கர்நாடகா பெட்ரோல், டீசல் மேல் விற்பனை வரியை ஏற்றியது. பெட்ரோல் 3 ரூபாய் கூடியது. 2025 ஏப்ரலில் டீசலுக்கு இன்னொரு 2 ரூபாய். அப்போது போட்ட சத்தத்தைப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் டீசல் மலிவு என்றே நினைத்திருப்பார்கள். அந்த ஏற்றத்துக்குப் பிறகும் பெங்களூரில் லிட்டர் 91 ரூபாய், சென்னையில் 92-க்கு மேல். ஓசூரிலிருந்து வரும் லாரிகள் அத்திப்பள்ளி பங்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது இதனால்தான்.

வண்டி வரிக்காக ஓசூர் முகவரியில் கார் வாங்கி டி.என். 70 நம்பரோடு எலக்ட்ரானிக் சிட்டியில் ஓட்டியவர்கள் உண்டு. 2023 நவம்பரில் தமிழ்நாடு 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஆக்கியதும் அந்த ஆசையும் போயிற்று. மதுவைப் பற்றி ஒரே வரி: டாஸ்மாக் 2023-24-இல் தமிழ்நாட்டு அரசுக்குக் கொடுத்த வருவாய் 45,855 கோடி. இலவசத்துக்குப் பணம் எங்கிருந்து என்று கர்நாடகாவைக் கேட்கும் நம்மவர்கள் இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

கரண்டில்தான் அவர் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். பெங்களூருக்குக் கரண்ட் கொடுக்கும் அரசு நிறுவனம் பெஸ்காம். "பெஸ்காம்காரன் பென்ஷனுக்கு நான் ஏன் சார் கட்டணும்?" 2025 ஏப்ரலில் கர்நாடக மின் ஊழியர்களின் ஓய்வூதியத்துக்காக யூனிட்டுக்கு 36 காசு பில்லில் ஏறியது. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கம் பாருங்கள் என்றேன். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் சிறுதொழில் இணைப்புகளின் நிலைக்கட்டணம் சிலருக்கு 4 மடங்குக்கு மேல் ஏறியது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் அது. ஆர்டர் இல்லாத மாதத்தில்தான் அதன் வலி தெரியும். 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறுதொழில்காரர்கள் கதவைச் சாத்திப் போராடினார்கள். போதாக்குறைக்கு ஜூலை வந்தால் கட்டணம் திருத்தப்படுகிறது: 2024-இல் 4.83 சதவீதம், 2025-இல் 3.16. வேலை சீராக வரும் பெரிய கம்பெனிக்கு இது தாங்கும். இவரைப்போல மாதத்துக்கு மாதம் லோடு மாறுகிறவருக்கு ஓசூர் பில் பயமுறுத்தும்.

இதுவரை நோட்டின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தது. அதற்கப்புறம் அவரே ஒன்று சொன்னார். ஷெட் மாறும் பேச்சை ஆபரேட்டர்களிடம் எடுத்திருக்கிறார். தர்மபுரிப் பையன் ஒருவன், குடும்பத்தோடு சந்தாபுராவில் வாடகைக்கு இருப்பவன், முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டானாம்: "வீட்டோட ஓசூர் வந்தா அவளோட ரெண்டாயிரம் போயிடும்ணே."

நோட்டில் எழுத நாங்கள் மறந்த வரி இதுதான். 2025 நிலவரப்படி, இங்கே குடும்பத் தலைவிக்கு மாதம் கிருஹலட்சுமி 2,000. அங்கே மகளிர் உரிமைத் தொகை 1,000, அதுவும் தகுதி பார்த்து. இங்கே வாடகைக்காரருக்கும் சேர்த்து மாதம் 200 யூனிட் வரை இலவசம். அங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். பஸ்ஸில் மட்டும் தமிழ்நாடு தாராளம்: சாதாரண டவுன் பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண் ஏறினாலும் அட்டை கேட்பதில்லை. கர்நாடகாவில் உள்ளூர் முகவரி காட்ட வேண்டும், ஆனால் வெளியூர் எக்ஸ்பிரஸ் வரை இலவசமாகப் போகலாம். கூட்டிக் கழித்தால் அந்த வீட்டுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறாவது இடிக்கும். ஆளைக் கூட்டிப்போக வேண்டுமானால் முதலாளிதான் அதைச் சம்பளத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இலவசம் தொழிலை விரட்டும் என்று ஒரு கட்சியும், இல்லை என்று இன்னொரு கட்சியும் டி.வி.யில் அடித்துக்கொள்கின்றன. என் கணக்கு நோட்டில் தெரிவது வேறு. கேரண்டி என்பது இங்கே சிறு முதலாளிக்கு அரசு போடும் சம்பளப் பங்கு மாதிரி வேலை செய்கிறது. டீசலில் வாங்கியதில் ஒரு பகுதி ஆபரேட்டர் வீட்டு வழியாக அவருக்கே திரும்பி வருகிறது. எல்லையில் ஓசூர்ப் பக்கம் இருக்கும் ஜூஜுவாடியைத் தாண்டினால் அது நின்றுவிடும்.

பெரிய கம்பெனிகளின் கணக்கு இப்படிப் போவதில்லை. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தருக்கு தலைமையகம் பெங்களூர், ஃபேக்டரி ஓசூர். அதே தொழிலில் இருக்கும் ஓலாவுக்கு ஃபேக்டரி கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி. அவர்களுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே இடத்தில் வேண்டும், சண்டையில்லாமல் வேண்டும். பெங்களூர் விமான நிலையம் பக்கம் இருக்கும் தேவனஹள்ளியில் விமானத் தொழிலுக்கென்று 1,777 ஏக்கர் எடுக்க முயன்று, விவசாயிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜூலையில் கர்நாடகா கைவிட்டது. அன்றே ஆந்திர அமைச்சர் லோகேஷ், எங்களிடம் வாருங்கள் என்றார். விவசாயி பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இடம் தேடுகிறவன் காத்திருக்க மாட்டான்.

நமக்கு மட்டும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 2024 ஜூலையில் தனியார் வேலையில் உள்ளூர்க்காரருக்கு நிர்வாகப் பதவிகளில் 50, மற்றவற்றில் 70 சதவீதம் என்று கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்து, தொழில்துறை கத்தியதும் கிடப்பில் போட்டது. தர்மபுரி ஆபரேட்டர்களை நம்பியிருக்கும் இவர் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. 2021-இல் தி.மு.க. தேர்தல் அறிக்கையிலும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 75 சதவீதம் இருந்ததை நினைவுபடுத்தினேன். "அது நம்மாளுக்குத்தானே சார்" என்றார். பீகார் ஹெல்பர் ஒருவன் அப்போதுதான் டீ கொண்டுவந்து வைத்தான்.

சொந்தமாக இடம் வாங்கி இருபது வருடம் உட்காரப் போகிறார் என்றால் ஓசூர் என்பேன். வாடகை ஷெட், பதினைந்து ஆள், ஏற்ற இறக்கமான ஆர்டர் என்றால் பொம்மசந்திராவே போதும். இப்போதைக்கு வாடகை ஒப்பந்தத்தை இன்னும் பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறார். நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன்.