சிம்சிட்டி 2000: குறி தவறும் மைக்ரோவேவ் கற்றை

மாக்ஸிஸ் நிறுவனத்தின் இந்த நகர் கட்டும் கணினி விளையாட்டில் மைக்ரோவேவ் மின்நிலையம் ஆட்டத்தின் நாட்காட்டியில் 2020 வாக்கில்தான் கிடைக்கும். செயற்கைக்கோள் சூரிய ஆற்றலை மைக்ரோவேவ் கற்றையாக அனுப்பும், தரையிலுள்ள வாங்கித் தட்டு அதை மின்சாரமாக்கும். விலை 28,000 டாலர், திறன் 1,600 மெகாவாட். மெகாவாட்டுக்கு 17.50 டாலர், நிலக்கரி மின்நிலையத்துக்கு அதுவே 20. லாபம்தான், ஆனால் கற்றை எப்போதாவது தட்டைத் தவறவிட்டு அக்கம்பக்கத்தைக் கொளுத்திவிடும். ஊருக்கு வெளியே வையுங்கள். சுற்றிலும் காலிமனை விடுங்கள். தீயணைப்பு நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

விளையாட்டுக்கு இது அருமை. இதையே ஆயுதமாக்கி அறிபுனை ஆர்பிஜி (மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) மேசைக்குக் கொண்டுபோனால் இயற்பியல் இடிக்கும். செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் 36,000 கி.மீ. உயரத்தில் 1 கி.மீ. அகல ஆன்டெனா, 2.45 கிகாஹெர்ட்ஸ் என்றால் கற்றை தரையில் சுமார் 10 கி.மீ. விரிந்துவிடும். 1970களின் இறுதியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் ஆராய்ந்த 5 கிகாவாட் சூரிய மின் செயற்கைக்கோள் வடிவமைப்பில் கற்றையின் நட்டநடுவே சதுர மீட்டருக்கு 230 வாட், உச்சிவெயிலில் கால்வாசி. வைக்கோல்கூடப் பற்றாது!

சுற்றுப்பாதையை 400 கி.மீ.க்கு இறக்கினால் கற்றையைச் சுமார் 120 மீட்டருக்குக் குவிக்கலாம், ஆனால் செயற்கைக்கோள் சில நிமிடங்களில் தாண்டிப் போய்விடும். இன்னொரு சிக்கல், நாசா ஆராய்ந்த அந்த வடிவமைப்பில் தரையிலிருந்து வரும் வழிகாட்டி சமிக்ஞை அறுந்தால் கற்றை தானே சிதறிவிடும். ஆட்டம் நடத்துபவருக்கு அதுதான் நல்ல தீனி: எதிரி கைப்பற்ற வேண்டியது செயற்கைக்கோளை மட்டுமல்ல, அந்தச் சமிக்ஞையையும்.