தமிழும் இங்கிலீஷும் கலந்து டைப் பண்றவங்களுக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர்

வேர்டு மாதிரி டைப் பண்ணவும், எழுத்துப்பிழை பார்க்கவும் உதவுற சாப்ட்வேர் இது, 2010-ல ஓபன் ஆபீஸ்ங்கிற சாப்ட்வேர்ல இருந்து பிரிஞ்சு வந்தது, முழுக்க இலவசம். நம்ம சிங்கப்பூர்ல கம்யூனிட்டி கிளப் நோட்டீஸ், கோயில் விழா அழைப்பிதழ்னு எதை எடுத்தாலும் ரெண்டு மொழியும் ஒரே பக்கத்துல வரும், அதுக்கு இது ரொம்பவே கைகொடுக்குது. டூல்ஸ்ல ஆப்ஷன்ஸ் போய் லாங்குவேஜ் பகுதியில வெஸ்டர்னுக்கு இங்கிலீஷ் யூகே வச்சு, காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை (தமிழ் மாதிரி எழுத்துகளுக்கான ஆப்ஷன்) டிக் பண்ணி அதுல தமிழைத் தேர்ந்தெடுங்க, தமிழ் அகராதியை எக்ஸ்டென்ஷனா, அதாவது தனியா சேர்க்கிற கூடுதல் வசதியா போட்டுக்கணும், அவ்வளவுதான். அப்புறம் ஒரே வரியில ரெண்டு மொழியும் வந்தாலும் எழுத்தைப் பார்த்தே எந்த அகராதின்னு அதுவே பிரிச்சுக்கும், 'colour'-ஐ அமெரிக்கன் ஸ்பெல்லிங்ல 'color'னு அடிச்சா உடனே சிவப்புக் கோடு, பக்கத்துலயே தமிழ்ல புள்ளி விட்டுப்போனாலும் கோடு. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

கோடே வரலையா? கீழ ஸ்டேட்டஸ் பார்ல மொழி என்னன்னு பாருங்க, 'None'னு இருந்தா அந்தப் பகுதியை செக் பண்ணவே பண்ணாது. வேற இடத்துல இருந்து காப்பி பண்ணி ஒட்டுறப்ப இப்படி ஆகுறது சகஜம். மைக்ரோசாப்ட் வேர்டுலயும் ரிவ்யூல 'டு நாட் செக் ஸ்பெல்லிங்' டிக் ஆகியிருந்தா இதே கதைதான்.

ஆனா பள்ளிக்குப் பதிலா பல்லின்னு அடிச்சா கண்டுக்காது, ரெண்டுமே சரியான சொல்லாச்சே. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' மாதிரி நீளமான சொல்லுக்கு சரியா இருந்தாலும் கோடு விழலாம், ரைட் கிளிக் பண்ணி அகராதியில சேர்த்துடுங்க. அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி தமிழ் நல்லா தெரிஞ்ச ஒருத்தர் கண்டிப்பா ஒரு தடவை படிக்கணும்.