மின் தரக் கண்காணிப்புக் கருவி: பஸ்பாரிலா, ஃபீடரின் கடைக்கோடியிலா?

பகிர்மான வலையமைப்பின் ஒவ்வொரு முனையிலும், மின்னழுத்தச் சரிவையும் அலைச் சிதைவையும் பதியும் மின் தரக் கருவி பொருத்துவது கட்டுப்படியாகாது. துணைமின்நிலையத்தின் பஸ்பாரில் (எல்லா ஃபீடர்களும் கிளம்பும் பொதுக் கடத்தியில்) வைப்பதா, ஃபீடரின் (அங்கிருந்து நுகர்வோருக்குச் செல்லும் மின்பாதையின்) கடைக்கோடியில் வைப்பதா என்பதே திட்டமிடுபவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி.

பஸ்பாரில் வைக்கும் கருவி எல்லா ஃபீடர்களுக்கும் பொதுவான மின்னழுத்தத்தைப் பதிவு செய்கிறது; அளவு மின்மாற்றியும் (உயர் மின்னழுத்தத்தை அளக்கத் தக்க அளவுக்குக் குறைப்பது) பேட்டரியும் தகவல் தொடர்பும் அங்கே ஏற்கெனவே இருப்பதால் செலவும் குறைவு. ஆனால் அதன் பார்வைக்கு எல்லை உண்டு. பஸ்பாருக்கு மின்சாரம் தரும் மூலத்தின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு எழும் தடை) 1 ஓம், ஃபீடருக்குக் கிலோமீட்டருக்கு 0.3 ஓம் என்று கொண்டு, இவ்விரண்டின் கோண வேறுபாட்டை விட்டுவிட்டுக் கணக்கிடுவோம். 3 கி.மீ. தொலைவில் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆனால் பஸ்பாரில் எஞ்சும் மின்னழுத்தம் (பழுதுவரையான ஃபீடரின் மின்மறுப்பை மொத்த மின்மறுப்பால் வகுத்தது) 0.9/1.9, அதாவது சுமார் 47 விழுக்காடு. அதே பழுது 30 கி.மீ.க்கு அப்பால் நேர்ந்தால் 90 விழுக்காட்டுக்கும் மேல் எஞ்சும். மின்னழுத்தம் சிறிது நேரம் தாழும் சரிவைப் பதிய வழக்கமாக வைக்கும் வரம்பே 90 விழுக்காடு என்பதால், அந்தப் பக்கத்து நுகர்வோருக்கு மின்சாரம் அடியோடு போயிருந்தாலும் நம் பதிவில் ஒரு வரிகூட இருக்காது. இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மின்சாரம் பெறும் ஃபீடரில், கடைக்கோடிக் கருவி மேற்புறத்துப் பழுதுகளையும், பஸ்பாரைத் தாழ்த்தும் அண்டை ஃபீடரின் பழுதுகளையும் சேர்த்தே உணர்கிறது. பழுதான ஃபீடரைத் துண்டிக்கும் பிரேக்கர் திறந்ததும் அதற்கும் மின்சாரம் போய்விடுமாதலால், பேட்டரி இல்லாத கருவியை அங்கே வைப்பது வீண்.

ஹார்மோனிக்ஸுக்கு, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் அலைச் சிதைவுக்கு, இவ்விரு இடங்களும் போதா. ஷார்ட் சர்க்யூட் திறன் (ஷார்ட் ஆனால் வலையமைப்பு அங்கே தரக்கூடிய திறன்) 100 எம்விஏ உள்ள இடத்தில் 4 எம்விஏஆர் கெப்பாசிட்டர் பேங்க் இருந்தால், 100/4, அதாவது 25இன் வர்க்கமூலமான 5ஆம் வரிசையில் (அடிப்படை அதிர்வெண்ணின் 5 மடங்கில்) ஒத்ததிர்வு வந்து சிதைவு பெருகும். ஏசியை டிசியாக மாற்றும் ஆறு துடிப்பு ரெக்டிஃபையர்கள் மிகுதியாக உமிழ்வதும் அதே வரிசையைத்தான்.

பழுதிடங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, எல்லாப் பழுதையும் காணக்கூடிய மிகக் குறைந்த கருவிகளைத் தேடும் கணித முறையும் உண்டு. வரம்பை 90இலிருந்து 80க்கு இறக்கினாலோ, சுவிட்ச் மாற்றத்தால் ஃபீடரின் வடிவம் மாறினாலோ அதன் விடையும் மாறக்கூடும். அது பேசுவதும் சரிவைப் பற்றி மட்டுமே.

ஆகவே இரண்டு கருவிக்குத்தான் வழி உண்டென்றால், ஒன்றைப் பஸ்பாரிலும் மற்றொன்றை மிக நீண்ட ஃபீடரின் கடைசியிலும் வைப்பேன். கெப்பாசிட்டர் பேங்க் அருகே கையடக்கக் கருவியால் ஒரு முழு வாரம் அளப்பேன். நிலையான இரண்டின் கடிகாரங்களையும் ஜிபிஎஸ் நேரத்தோடு பொருத்தினால்தான், ஒரே சரிவை இரண்டும் கண்டனவா என்று சொல்ல முடியும்.