கற்கால மனிதனுக்கு எந்த மொழி? இரண்டு விளையாட்டுகள், இரண்டு விடைகள்

யூபிசாஃப்ட் 2016-இல் வெளியிட்ட 'ஃபார் க்ரை பிரைமல்' வீடியோ விளையாட்டில் எவரும் ஆங்கிலம் பேசுவதில்லை. கதை நடப்பது கி.மு. 10,000-இல். வேட்டையாடும் வென்ஜா கூட்டமும் பயிர்செய்யும் இசிலா கூட்டமும் தத்தம் மொழியில் பேசிக்கொள்ள, நாம் திரையில் ஓடும் எழுத்தைப் படிக்கிறோம். இந்தி, ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளின் மூலமொழியாக ஆய்வாளர்கள் மீட்டமைத்த தொல் இந்தோ-ஐரோப்பியத்தை அடித்தளமாகக் கொண்டு இந்த மொழிகளை அமைத்தவர்கள் கென்டக்கி பல்கலைக்கழக மொழியியலாளர்களான ஆண்ட்ரூ பர்டும் பிரென்னா பர்டும்.

2019-இல் வந்த 'ஆன்செஸ்டர்ஸ்: த ஹியூமன்கைண்ட் ஒடிசி' இதற்கு நேரெதிர். ஒரு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆப்பிரிக்காவில் தொடங்கும் அந்த விளையாட்டில் சொல் என்பதே கிடையாது. கூட்டத்தை அழைப்பதும் கொடிய விலங்கை மிரட்டுவதும் குரலொலியால்தான்.

1997-இன் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' போலப் பொருளற்ற ஒலிகளை வாயில் போட்டுவிடும் மூன்றாம் வழியும் உண்டு. ரசிக்கலாம், துல்லியம் பற்றிய பேச்சில் அதற்கு இடமில்லை.

பிரைமலின் மொழி கற்பனைதானே என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. வழக்கொழிந்த மொழியை மீட்டமைக்கும் முறை எப்படிப்பட்டது என்பதை, மூன்று மாநிலங்கள் கூடும், ஆந்திரத்தைச் சேர்ந்த எங்கள் குப்பம் பகுதியில் காதாலேயே உணரலாம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம். தமிழிலும் தெலுங்கிலும் செவி என்பது கன்னடத்தில் கிவி. இகர, எகரங்களுக்கு முன் ககரம் சகரமாக மாறுவது பல சொற்களில் ஒழுங்காக நிகழ்ந்திருப்பதால், மூல ஒலி ககரமே என்று ஆய்வாளர்கள் முடிவு செய்கிறார்கள். பெரும்பான்மை பார்த்துச் சொல்லும் முடிவன்று இது. இதே முறையில்தான் 1879-இல் சுவிஸ் மொழியியலாளர் சொசூர், தொல் இந்தோ-ஐரோப்பியத்தில் மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணித்தார். அப்போது அவருக்கு வயது 21. பிற்காலத்தில் இன்றைய துருக்கியில் வழங்கிய பழைய மொழியான ஹிட்டைட்டில் எழுதிய களிமண் பலகைகளைப் படித்தபோது அந்த ஒலிகளின் தடயம் கிடைத்தது! இசிலா மொழி இந்த மீட்டமைப்பை நெருக்கமாகப் பின்பற்றுகிறது. வென்ஜா எளிமையாக்கப்பட்ட வடிவம்.

பிரைமல் சறுக்குவது காலக்கணக்கில். தொல் இந்தோ-ஐரோப்பியத்துக்குப் பெரும்பாலான அறிஞர்கள் தரும் வயது ஏறத்தாழ 6,500 ஆண்டுகளைத் தாண்டாது. கதையோ 12,000 ஆண்டுகளுக்கு முந்தையது. அந்த மூலமொழி இன்றைய இந்தி மொழியாக மாற எடுத்துக்கொண்ட காலத்துக்கு ஏறக்குறைய இணையான இடைவெளி இது. கி.மு. 10,000-இல் பேசிய மொழியை மீட்க இன்று எந்த முறையும் கிடையாது. ஆன்செஸ்டர்ஸில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கதையை முடித்துக்கொள்வதால் அதன் மௌனத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் என் தேர்வு பிரைமல்தான். இலக்கணம் உள்ள மொழியைத் திருத்தலாம், விவாதிக்கலாம், அடுத்த விளையாட்டில் மேம்படுத்தலாம். நடிகர்கள் அந்த மொழியைக் கற்று, உணர்ச்சியோடு பேசியிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மண்ணை வைத்து ஒருவர் விளையாட்டு உருவாக்கினால் இரண்டு வழிகளுக்கும் இடமுண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய அதிரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். அவற்றைச் செதுக்கியவர்களைத் தமிழ் பேச வைக்கக் கூடாது, குரலொலியே போதும். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் வாழ்ந்த புதிய கற்கால மக்களின் கதை என்றால் தமிழ், தெலுங்கு, கன்னடத்தின் மூலமொழியான தொல் திராவிடத்தைத் தயங்காமல் முயலலாம். அதன் வயது சுமார் 4,500 ஆண்டுகள் என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று கணிக்கிறது. பையம்பள்ளி மக்கள் அதைத்தான் பேசினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை, பிரைமல் அளவுக்குக் காலம் முரண்படாது. ஒப்பிட வேண்டிய மொழிகள் இன்றும் இங்கே பேசப்படுகின்றன, 1997-இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகமும் குப்பத்திலேயே இருக்கிறது.