கைரேகையா, பாஸ்புக்கா: இரண்டு திறன் பயிற்சித் திட்டங்களின் கண்காணிப்பு

பயிற்சி மையம் ஒன்றில் பதிவேடுகளைக் கவனித்துவந்த காலத்தில், மத்திய அரசின் இரண்டு திட்டங்களில் எதற்கு விண்ணப்பிப்பது என்று நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, 2015 ஜூலையில் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா. மற்றொன்று, ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2014 செப்டம்பரில் கிராமப்புற ஏழை இளைஞர்களுக்காகத் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா. நான் ஊரகத் திட்டத்துக்காக வாதாடினேன். இன்றும் என் எண்ணம் அதுவே.

பாடத்திட்டத்திலும் சான்றிதழிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வருகைப் பதிவுக்கு அப்போது இரண்டிலும் ஆதார் கைரேகைக் கருவிதான் இருந்தது. செங்கல் சூளையில் வேலை பார்த்த பிள்ளைகளின் ரேகை தேய்ந்திருப்பதால் கருவி மூன்று முறை மறுத்து நான்காம் முறை ஏற்கும். அதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும். ஆனால் விரல் வைத்தவர் வகுப்பறைக்கு வந்தார் என்பதற்கு மேல் அந்தக் கருவி எதையும் சொல்லாது.

முடிவைத் தீர்மானித்தது, பயிற்சி மையத்துக்கான பணம் எந்தக் கட்டத்தில் விடுவிக்கப்படுகிறது என்பதே. கௌசல் விகாஸின் இரண்டாம் கட்டத்தில் வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் பெற்றதும் 50 சதவீதம், வேலைவாய்ப்புக்கு மீதி 20 சதவீதம் என்று இருந்தது. நான்காம் கட்டத்தில் குறுகிய காலப் பயிற்சியிலிருந்து வேலைவாய்ப்பு நிபந்தனையே விலக்கப்பட்டது. ஊரகத் திட்டமோ பயின்றவர்களில் 70 சதவீதத்தினரை வேலையில் அமர்த்தச் சொல்கிறது. மூன்று மாதம் தொடர்ந்து வேலை பார்த்ததைச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றால் காட்டச் சொல்கிறது.

இந்த இரண்டாவது ஆவணத்தின் அருமை எனக்கு ஒருநாள் விளங்கியது. வேலைக்கு எடுத்த ஒரு நிறுவனம் அனுப்பிய பதினொரு சீட்டுகளும் பார்வைக்குச் சரியாகவே இருந்தன. பாஸ்புக் நகல்களைப் புரட்டியபோதோ, சம்பளத் தொகை நிறுவனக் கணக்கிலிருந்து வராமல், பதினொன்றிலும் ஒரே நாளில் ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வரவு எங்கிருந்து வந்தது என்பதை மாற்றுவது அத்தனை எளிதன்று.

இந்தக் கண்டிப்பில் அநியாயமும் உண்டு. மூன்றாம் மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது தீபாவளிக்கு ஊருக்கு வந்து, அம்மாவின் உடல்நிலை கருதித் தங்கிவிட்ட பெண் எங்கள் கணக்கில் வேலை பெறாதவராகவே எழுதப்பட்டார். மேலும், நான் பழகியவை தையல், சில்லறை விற்பனைப் பிரிவுகள் மட்டுமே. ஒப்பந்ததாரர் கையில் கூலி கொடுக்கும் கட்டுமானத் தொழிலுக்கு இதே அளவுகோல் பொருந்துமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஒரு தவணை தாமதமானாலே வாடகைக்குத் திண்டாடும் சிறு மையங்கள் கௌசல் விகாஸையே எடுக்கலாம். ஊரகத் திட்டத்துக்கு வருபவர்கள், சேர்க்கையன்றே மாணவரின் எண்ணோடு வீட்டில் உள்ள இன்னொருவரின் கைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்; வேலைக்குப் போன இரண்டாம் மாதத்தில் பாதிப் பேர் சிம் கார்டை மாற்றியிருப்பார்கள்.