ட்ரிம் போட்டும் போகாத இடைவெளி

"எக்செல்லுக்குச் சந்தா கட்டலாமா, கூகுள் ஷீட்ஸே போதுமா அண்ணே?" என்று செந்தூல் தம்பி ஒருவர் கேட்டார். போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் கட்டு என்றிருப்பேன். அவர் கேட்டதோ, நன்கொடைப் பட்டியலோடு மூன்று இரவு மல்லுக்கட்டி முடித்த மறுநாள்.

தைப்பூசத்துக்குப் பினாங்கில் தண்ணீர்மலை போகும் வழியில் நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலின் கணக்கு ஒன்பது வருடமாக எக்செல்லில்தான் இருக்கிறது. கூட்டல், வடிகட்டல், பிரிண்ட் எதிலும் குறை சொல்ல மாட்டேன். இந்த இடைவெளி விஷயம்தான்.

மலேசியாவில் நம் பெயர்களில் வரும் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பியை (இன்னாரின் மகள்) ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். கோட்டுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ், பின்னால் இரண்டு. அதுகூடப் பரவாயில்லை, கூடுதல் ஸ்பேஸை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவும், தேடி மாற்றும் ஃபைண்ட்-ரீப்ளேஸும் பார்த்துக்கொள்ளும். இந்த முறை வந்தது இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பட்டியல். ட்ரிம் போட்டேன், அசையவில்லை. பழைய பட்டியலில் அதே பெயரைத் தேடியெடுக்க வி-லுக்கப் (VLOOKUP) போட்டால் வரிசையாகப் பிழை. எழுத்தை எண்ணும் லென் போட்டுப் பார்த்தேன்: கண்ணுக்கு 18 எழுத்தாகத் தெரியும் பெயருக்கு 20 காட்டியது.

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. சாதா ஸ்பேஸின் எண் 32. ஒட்டிய பட்டியலில் இருந்த ஸ்பேஸ் 160, வரி உடையாமலிருக்க இணையப் பக்கங்களில் போடுவது. ட்ரிம்முக்கு 32 மட்டும்தான் தெரியும். அச்சில் வராத குறிகளை நீக்கும் க்ளீன் ஃபார்முலா நீக்குவதும் 0 முதல் 31 வரைதான். இதை உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்களுக்குத் திருத்தத் தெரியாதா? ஒன்றை இன்னொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட்டில் சார்(160)-ஐ, அதாவது அந்த 160 ஸ்பேஸை, சாதா ஸ்பேஸாக மாற்றி, அதன்மேல் ட்ரிம் போட்ட பிறகுதான் பெயர்கள் பொருந்தின.

அனுப்பியவர் அழகுக்காக எல்லாக் கட்டத்தையும் சென்டர் செய்திருந்தார், அது தனிக் கதை. சும்மா விட்டால் எண் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். எழுத்தாக உட்கார்ந்திருக்கும் 50 வெள்ளி (ரிங்கிட்) இடப்பக்கம் ஒதுங்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சென்டர் செய்தால் எல்லாம் ஒரே மாதிரி, கூட்டுத்தொகை மட்டும் உதைக்கும். எனக்கு உதைத்தது.

ஷீட்ஸில் ஃபார்முலாவே இல்லாமல் ஸ்பேஸை நீக்க மெனு இருக்கிறது. ஆசையாகப் போய்ப் பார்த்தேன். அதுவும் 160-ஐத் தொடாதாம்.

சரி, தம்பிக்கு என் பதில்: காசு கட்டாதே, ஷீட்ஸே போதும். என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பித்துவிடுவேன், ஒன்பது வருட ஃபைலை யார் உட்கார்ந்து மாற்றுவது?